சுவர் யாருடையது? மெக்சிகோ நகரத்தில் ஐந்து கட்டடங்கள், ஒரு நடை

இன்றைக்கு ஒரு நடை போகப் போறோம். ஊர், மெக்சிகோ நகரம். அதுவும் அதன் பழைய மையப் பகுதி. ஆஸ்டெக்குகளின் தெனோச்தித்லான் நின்ற அதே இடத்தில், அதை இடித்துவிட்டு ஸ்பானியர்கள் கட்டிய நகரம். இந்தப் பகுதியில் சுவரோவியங்களைப் பார்ப்பதற்கென்றே வழிகாட்டியோடு கூட்டிப் போகும் நடைகள் உண்டு. இந்த எபிசோடையும் அப்படித்தான் அமைச்சிருக்கேன். ஐந்து கட்டடங்கள். கூடவே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்க: ஒரு சுவரில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று முடிவு செய்வது யார்? சுவரைக் கட்டியவரா, காசு கொடுத்தவரா, வரைந்தவரா, தினமும் அதைக் கடந்து போகிறவரா?

கிளம்புவதற்கு முன்னாடி கொஞ்சம் பின்னணி. முப்பது வருஷத்துக்கும் மேல் அதிகாரத்தில் இருந்த போர்ஃபிரியோ டியாஸுக்கு எதிராக 1910-ல் மெக்சிகோ புரட்சி வெடித்தது. பத்து வருஷம் சண்டை. அப்போது நாட்டின் மக்கள் தொகை சுமார் ஒன்றரைக் கோடி. அதில் பத்து லட்சம் பேர்வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 1920-ல் அல்வாரோ ஒப்ரெகோன் ஜனாதிபதி ஆனார். அடுத்த வருஷம் ஹொசே வாஸ்கொன்செலோஸ் கல்வி அமைச்சர் ஆனார். அவர் முன்னால் இருந்த நிலைமை இதுதான்: நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிராமத்துக்கு ஒரு பள்ளி, ஆசிரியர், நூலகம், மலிவு விலைப் புத்தகம் என்று அவர் வேலையை ஆரம்பித்தார். அந்தப் பெரிய திட்டத்தின் ஒரு பகுதிதான் அரசுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தது.

சரி, முதல் நிறுத்தம். சான் இல்டெஃபோன்சோ. இயேசு சபையினர் 16-ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்த கல்லூரி. இன்று நிற்கும் கட்டடம் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் கதை நடக்கும்போது இது தேசிய ஆயத்தப் பள்ளி, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போகிற வசதியான வீட்டுப் பிள்ளைகள் படித்த இடம். 1922-ல் ஃப்ரீடா காலோ இங்கே மாணவியாகச் சேர்ந்தார். சுமார் 2,000 பேர் படித்த பள்ளியில் மாணவிகள் 35 பேர்தான்.

அதே 1922-ல் இங்கே சாரம் கட்டினார்கள். பல வருஷம் பாரிஸில் இருந்துவிட்டு, இத்தாலியச் சுவரோவியங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த டியேகோ ரிவேரா, அரங்கத்தில் 'படைப்பு' என்ற ஓவியத்தை வரைந்தார். அழகான படம். ஆனால் அதில் மெக்சிகோவைவிட இத்தாலிதான் அதிகம் தெரியும். மாடிப்படியில் ஜான் சார்லோ என்ற பிரெஞ்சு இளைஞர், 1520-ல் ஸ்பானியர்கள் பெரிய கோயிலில் நடத்திய படுகொலையை வரைந்தார். ஒரு ஓரத்தில் ரிவேரா, சக ஓவியர் ஃபெர்னாண்டோ லெயால், தான் என மூன்று பேரின் முகங்களையும் வைத்துவிட்டார். க்ரூப் போட்டோ மாதிரி.

இங்கே தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் சொல்லியாகணும். ஃப்ரெஸ்கோ என்றால் ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் வரைவது. காலையில் கொத்தனார் வந்து, அன்றைக்கு ஓவியரால் முடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் பூசுவார். தண்ணீரில் குழைத்த நிறத்தை அது காய்வதற்குள் வைக்கணும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மறுபடி கல்லாக மாறும். நிறம் அந்தக் கல்லுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். எனக்கு இதில் பிடித்தது, இங்கே 'அன்டூ' கிடையாது. தப்பு செய்தால் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். இந்த வேலையில் கொத்தனார் இல்லாமல் ஓவியர் இல்லை. ஓவியர்களுக்குக் கூலியும் சதுர மீட்டர் கணக்கில்தான். அவர்கள் ஒரு தொழிற்சங்கமே ஆரம்பித்தார்கள்.

மாணவர்களுக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. அசிங்கம், கேலிச்சித்திரம், மதத்தை அவமதிக்கிறது என்று கோபம். 1924 ஜூனில் மாணவர் கூட்டம் ஹொசே கிளெமென்தே ஒரோஸ்கோ, சிகேரோஸ் இருவருடைய ஓவியங்களையும் தாக்கிச் சேதப்படுத்தியது. ஒரோஸ்கோவுக்கு இடது கை கிடையாது, இளம் வயதில் ஒரு வெடி விபத்தில் போனது. ஒற்றைக் கையோடு சாரத்தில் ஏறி வரைந்த மனிதரை வேலையிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். வாஸ்கொன்செலோஸும் சீக்கிரத்திலேயே பதவி விலகினார்.

1926-ல் ஒரோஸ்கோவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? மாணவர்கள் விட்டுவைத்ததில் பலவற்றைத் தானே அழித்தார். அதன்பிறகு வந்ததுதான் 'அகழி': மூன்று ஆண்கள், ஒருவர் மண்டியிட்டு, இருவர் சரிந்து, பின்னால் சிவப்பு. யாருடைய முகமும் நமக்குச் சரியாகத் தெரியாது. எந்தக் கட்சிக்காகச் செத்தார்கள் என்றும் தெரியாது. அதே வருஷம் படிக்கட்டின் வளைவுக்குக் கீழே கோர்தெஸையும் மாலின்சேவையும் நிர்வாணமாக, கையோடு கை சேர்த்து உட்கார வைத்தார். ஸ்பானியத் தளபதியும், அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பூர்வகுடிப் பெண்ணும். அவர்கள் காலடியில் ஒரு பூர்வகுடி மனிதரின் உடல். கோர்தெஸின் இன்னொரு கை அவளைத் தடுப்பது போலக் குறுக்கே நீண்டிருக்கிறது. இது திருமணப் படமா, குற்றப் பத்திரிகையா? ரெண்டும்தான்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் ரெண்டாவது நிறுத்தம், கல்வி அமைச்சகத்தின் பழைய தலைமையகம். முன்பு கன்னிமாடமாக இருந்த வளாகம்; 1922-ல் அமைச்சகமாகத் திறந்தார்கள். 1923-லிருந்து 1928 வரை ரிவேரா இங்கே வேலை செய்தார். இரண்டு முற்றங்கள், மூன்று தளங்கள், 200-க்கும் மேற்பட்ட ஓவியப் பகுதிகள். ஒரு முற்றம் உழைப்புக்கு, இன்னொன்று திருவிழாக்களுக்கு.

கீழ்த்தளத்தில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்க. ஒன்று, தொழிலாளிகள் சுரங்கத்துக்குள் இறங்குவது. அடுத்தது வெளியே வருவது. வெளியே வந்தவர் இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறார், மேலதிகாரி அவரைச் சோதனை போடுகிறார், வெள்ளி எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று. அந்த நிற்கும் விதம் சிலுவையில் தொங்கும் இயேசு. சர்ச்சுக்குப் போய்ப் பழகிய எந்த விவசாயிக்கும் இதை யாரும் விளக்கத் தேவையில்லை. எழுத்து தெரியாதவருக்கும் அந்தப் படமொழி தெரியும்.

மேல்தளத்தில் 'ஆயுதக் கிடங்கு', 1928. நடுவில் சிவப்புச் சட்டையோடு துப்பாக்கி விநியோகம் செய்வது யார்? பள்ளியில் பார்த்தோமே, அதே ஃப்ரீடா. இன்னொரு படத்தில் ராக்ஃபெல்லர், ஃபோர்டு, மார்கன் எல்லாரும் விருந்து மேசையில் பங்குச்சந்தை நாடாவைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ராக்ஃபெல்லர் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.

நமக்கு நெருக்கமான ஒரு முகமும் இங்கே உண்டு. 'நம் ரொட்டி' என்ற படத்தில் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பவர், பாண்டுரங் கான்கோஜே என்று சொல்கிறார்கள். வார்தாவில் பிறந்தவர், கதர் கட்சிப் புரட்சிக்காரர். ஆங்கிலேயருக்குப் பிடிபடாமல் நாடு நாடாகச் சுற்றி, கடைசியில் மெக்சிகோவில் சாபிங்கோ வேளாண் பள்ளியில் ஆசிரியராகி, சோள ஆராய்ச்சி செய்தவர்.

மூன்றாவது நிறுத்தத்துக்குப் பல சுற்றுலாப் பயணிகள் போவதே இல்லை. சில தெருக்கள் தள்ளி இருக்கும் அபெலார்தோ ரொத்ரிகெஸ் மார்க்கெட். 1934-ல் திறந்தது. காய்கறி, இறைச்சிக் கடைகளோடு, குழந்தைக் காப்பகம், தியேட்டர் எல்லாம் வைத்துக் கட்டினார்கள். சுவர்களை ரிவேராவின் மாணவர்களும் சகாக்களுமான ஓர் இளைஞர் கூட்டத்திடம் கொடுத்தார்கள். கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? சத்துணவு, சுகாதாரம், வைட்டமின்! இளைஞர்கள் காய்கறியில் ஆரம்பித்து, அதை விளைவிப்பவருக்கு என்ன கிடைக்கிறது, சுரங்கத்தில் யார் சாகிறார்கள், பாசிசம் எங்கே வளர்கிறது என்று கொண்டுபோய் நிறுத்தினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கிரேஸ், மேரியன் கிரீன்வுட் என்ற சகோதரிகள் மாடிப்படிச் சுவர்களில் வரைந்தார்கள்.

மாடியில் சிற்பி இசாமு நோகுச்சி 1936-ல் சுமார் 22 மீட்டர் நீளத்துக்குச் செங்கல்லையும் வண்ண சிமென்ட்டையும் வைத்து ஒரு புடைப்புச் சிற்பம் செய்தார். அதில் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைப் போட நினைத்தார், ஆனால் சரியாக ஞாபகம் வரவில்லை. நண்பர் பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்குத் தந்தி அடித்துக் கேட்டார். ஃபுல்லர் பதில் தந்தியில் விளக்கத்தோடு அனுப்பினார். இன்று அது சுவரில் இருக்கிறது.

முதல் இரண்டு கட்டடங்களையும் இந்த மார்க்கெட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. 'மக்களுக்கான கலை' என்று எல்லாரும் பேசினார்கள். ஆனால் ஒன்று மேட்டுக்குடிப் பள்ளி, இன்னொன்று அமைச்சகம். மக்கள் உண்மையிலேயே தினமும் வந்து போகிற சுவர் இது ஒன்றுதான். மோசமாகப் பழுதானதும் இதுதான். ஈரம், புகை, சுவரோடு அடுக்கிய பெட்டிகள். நடுவில் சீரமைப்பு வேலைகள் நடந்திருக்கின்றன, ஆனாலும் உரிந்த இடங்கள் உரிந்துதான் கிடக்கின்றன. இங்கே யாரும் கல்லெறியவில்லை, யாரும் தடை போடவில்லை. வெறும் அலட்சியம் போதுமானதாக இருந்தது.

அங்கிருந்து மேற்கே நடப்போம். வழியில் தேசிய மாளிகை. அதன் படிக்கட்டில் ரிவேராவின் மெக்சிகோ வரலாறு இருக்கிறது. அது தனி எபிசோடுக்கு உரியது. நாம் நேராக நான்காவது நிறுத்தம், நுண்கலை மாளிகைக்குப் போவோம். 1904-ல் கட்ட ஆரம்பித்து, புரட்சியால் நின்று, 1934-ல் முடிந்த பளிங்குக் கட்டடம். பழைய ஏரி மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டிருக்கிறது.

1933-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் ரிவேரா வரைந்துகொண்டிருந்தார். ஆமாம், விருந்து மேசையில் கிண்டல் செய்த அதே குடும்பத்தின் கட்டடத்தில்தான். படத்தில் லெனின் முகம் வந்தது. எடுத்துவிடுங்க என்றார்கள். வேண்டுமானால் லிங்கனையும் சேர்க்கிறேன், லெனினை எடுக்க மாட்டேன் என்றார் இவர். முழுச் சம்பளத்தையும் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, 1934 பிப்ரவரியில் ஓவியத்தை உடைத்துப் போட்டார்கள். உதவியாளர் லூசியன் பிளாக் ரகசியமாக எடுத்த புகைப்படங்கள் மிஞ்சின. அதே வருஷம் ரிவேரா இந்த மாளிகையில் அதைச் சிறிய அளவில் மறுபடி வரைந்தார். ஒரு பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்தது மாதிரி. சும்மா இல்லை, கேளிக்கை விடுதிக் காட்சியில் ஜூனியர் ராக்ஃபெல்லரையும், அவர் தலைக்கு மேலே சிபிலிஸ் கிருமிகளையும் சேர்த்துவிட்டார்.

கடைசி நிறுத்தம், அலமேடா பூங்காவின் மேற்குப் பக்கம். 1947-ல் பிராடோ ஹோட்டலுக்காக ரிவேரா, அந்தப் பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் கனவை வரைந்தார். நடுவில் தொப்பி போட்ட எலும்புக்கூட்டுச் சீமாட்டி, அவள் கையைப் பிடித்தபடி சிறுவன் ரிவேரா, பின்னால் ஃப்ரீடா. 19-ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் இக்னாசியோ ராமிரெஸ் கையில் ஒரு தாள், அதில் கடவுள் இல்லை என்ற வாசகம். ஹோட்டலை ஆசீர்வதிக்க ஆர்ச்பிஷப் மறுத்தார். அந்த வாசகத்தைச் சுரண்டினார்கள். பிறகு பல வருஷம் படத்தையே மூடி வைத்தார்கள். 1956-ல், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ரிவேரா, தானே சாரம் ஏறி அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, ராமிரெஸ் உரை நிகழ்த்திய 1836 கூட்டத்தின் பெயரை எழுதினார். லெனினுக்கு விட்டுக்கொடுக்காதவர் இங்கே விட்டுக்கொடுத்தார். அடுத்த வருஷம் இறந்துபோனார். 1985 நிலநடுக்கத்தில் ஹோட்டல் பாழானது, ஓவியம் தப்பித்தது. சுவரோடு பெயர்த்து எதிரே கொண்டுவந்து, அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் கட்டினார்கள். அதைத்தான் இப்போது பார்க்கிறோம்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். எளிதாக 'தனியார் அழித்தார்கள், அரசு காப்பாற்றியது' என்று சொல்லிவிடலாம். ஆனால் அரசு இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. புரட்சியைச் சுவரில் தொங்கவிட்டால், தெருவில் அது முடிந்துவிட்டது என்று காட்டலாம். சிகேரோஸின் ஓவியத்தை நுண்கலை மாளிகையில் வைத்திருந்த அதே அரசு, 1960-லிருந்து 1964 வரை அவரைச் சிறையில் வைத்திருந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு சுவருக்குக் காசு கொடுப்பவர் அதை ஆரம்பத்தில் மட்டும்தான் வாங்குகிறார். அதற்கப்புறம் அதைப் பார்க்க வருபவர்களும், பராமரிக்கிறவர்களும்தான் ஒவ்வொரு வருஷமும் மறுபடி வாங்கணும். மெக்சிகோ போக வாய்ப்பு கிடைத்தால் நுண்கலை மாளிகையை எப்படியும் பார்ப்பீங்க. அந்த மார்க்கெட்டுக்கும் போங்க. ரெண்டு மாம்பழம் வாங்குங்க, அப்படியே கொஞ்சம் நிமிர்ந்தும் பாருங்க.