தாலந்து: ஒரு நிறையின் பெயர்

கி.மு. 415இல் சிசிலித் தீவின் எகெஸ்டா நகரத்துத் தூதர்கள் 60 தாலந்து வெள்ளியைக் கொண்டுவந்து ஏதென்ஸ் மக்கள் முன் வைத்தார்கள். 60 போர்க்கப்பல்களுக்கு ஒரு மாதச் சம்பளம் அது என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்திருக்கிறார். கப்பலுக்கு 200 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு திராக்மா என்னும் வெள்ளிக்காசு ஒன்று. ஒரு கப்பலுக்கு மாதம் 6,000 திராக்மா. அந்த 6,000 திராக்மாவுக்குத்தான் ஒரு தாலந்து என்று பெயர். எடை போட்டால் ஏறக்குறைய 26 கிலோ வெள்ளி. இன்று மேடையில் பாடும் சிறுமியைக் கேட்டுவிட்டு ‘என்ன டேலண்ட்!’ என்று வியக்கிறோமே, அந்தச் சொல் இதுதான்.

கூலியும் கடனும் அளந்த சொல், பிறக்கும்போதே உடன்வரும் திறமைக்குப் பெயரானது எப்படி? அந்த வழியைத் தேடிப் போனால், ‘உடன்பிறந்தது’ என்னும் பொருள் இந்தச் சொல்லில் மிகப் பிந்தி வந்து ஒட்டியது என்று தெரியவருகிறது. வந்த வழியில் அது ஒன்றைத் தொலைத்தும் இருக்கிறது.

கிரேக்கத்தில் ‘டாலன்டன்’ என்றால் முதலில் தராசு. ஹோமரின் இலியட்டில் ஸீயஸ் பொன் தராசைத் தூக்கிப் பிடித்து அக்கிலீஸின் சாவையும் ஹெக்டரின் சாவையும் இரு தட்டுகளில் வைக்கிறார். ஹெக்டரின் தட்டு தாழ்கிறது. அங்கே வரும் சொல் இதுவே. அதே நூலில் இது பொன்னின் அளவாகவும் வருகிறது. 23ஆம் காண்டத்துத் தேர்ப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு கொப்பரை, நான்காம் பரிசு இரண்டு தாலந்து பொன். கொப்பரைக்குக் கீழே வைக்கப்பட்ட பரிசு என்றால் ஹோமர் காலத்துத் தாலந்து சிறியதாகத்தான் இருந்திருக்க வேண்டும். தட்டின் பெயர் தட்டில் வைத்த நிறைக்கு ஆகி, நிறையின் பெயர் பணத்துக்கு ஆயிற்று.

இதன் வேருக்குப் பொருள் தூக்குதல், சுமத்தல். பொறுத்துக்கொள்வதைச் சொல்லும் ‘டாலரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் லத்தீன் வழியாக அதே வேரிலிருந்து வந்தது. வடமொழியின் ‘துலா’வும் அந்தக் குடும்பம்தான். ஆகவே நம் துலாபாரமும், துலாம் ராசியும், ஐப்பசியில் கூட்டம் கூடி நீராடும் மயிலாடுதுறைத் துலாக்கட்டமும் டேலண்டுக்கு உறவுக்காரர்கள். தமிழின் ‘தூக்கு’ என்ற சொல்லுக்கும் உயர்த்துவது, நிறுப்பது என்ற இரண்டு பொருளும் உண்டு. ஆனால் அதை இந்த வேரோடு முடிச்சுப்போடக் கூடாது. தராசைக் கையில் தூக்கிப் பிடித்து நிறுத்த மக்கள், எங்கே இருந்தாலும், இந்த இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைப்பது இயல்பு.

இடைக்காலத்தில் சொல் ஒரு வளைவு வளைந்தது. பழைய பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் அது மனத்தின் நாட்டத்தைக் குறித்தது. தட்டு ஒரு பக்கம் சாய்வதுபோல் மனம் சாய்வது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகக் காண்டத்தில் அறிவை ஆசைக்கு அடிமையாக்கியவர்கள் சூறைக்காற்றில் அலைகிறார்கள். அந்த ஆசைக்கு அவர் இட்ட சொல் ‘தலேந்தோ’. ஆங்கிலத்திலும் சில காலம் இந்தப் பொருள் இருந்து மறைந்தது.

இன்றைய பொருளுக்கு வித்திட்டது மத்தேயு சுவிசேஷம் 25ஆம் அதிகாரத்து உவமை. வெளியூர் போகும் எஜமான் தன் ஊழியர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைக்கிறான். முதல் இருவர் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் பயந்து மண்ணில் புதைக்கிறான். திரும்பிவந்த எஜமான் கணக்குக் கேட்கிறான். ஒரு தாலந்துதானே என்று அந்த மூன்றாமவனை இரங்கத்தக்க ஏழையாகவே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அக்காலத்துக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று வைத்தால், அவன் கையில் இருந்தது 16 வருடத்துக்கும் மேற்பட்ட கூலி. சின்னத் தொகையே அல்ல.

அந்த உவமையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அவனவன் திறமையைப் பார்த்துத்தான் எஜமான் தாலந்துகளைப் பிரித்துக் கொடுக்கிறான். தமிழ் வேதாகமத்தில் ‘திறமை’, ‘தாலந்து’ என்று ஒரே வசனத்தில் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. மூலத்தில் தாலந்து திறமை அல்ல. திறமைசாலியை நம்பி ஒப்படைத்த பொருள், உரியவன் வந்து கேட்கப்போகும் பொருள். பிரசங்கிமார் இந்த உவமையைக் கடவுள் தந்த வரங்களுக்கு விரித்துச் சொல்லிச் சொல்லி, 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மனத்தின் ஆற்றலுக்கே அது பெயராயிற்று. அப்போதும்கூட ஒப்படைக்கப்பட்டது என்ற நினைவு கூடவே இருந்தது. பார்வை போனபிறகு ஆங்கிலக் கவிஞர் மில்டன் எழுதிய சானட் கவிதை, பயன்படாமல் தன்னிடம் தங்கிவிட்ட அந்த ஒற்றைத் தாலந்தை எண்ணித் தவிக்கிறது. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் தன் வீட்டிலேயே தங்கியிருந்து லண்டன் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ராபர்ட் லெவெட் 1782இல் இறந்தபோது இரங்கற்பா எழுதினார். கையிலிருந்த ஒரு தாலந்தை நன்றாகச் செலவழித்த மனிதன் என்பது அதில் அவர் தரும் புகழுரை. லெவெட் மேதை அல்லர். நோயாளிகளைத் தேடி நாள்தோறும் தெருத்தெருவாக நடந்தவர். இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல பயன்பாடு எனக்குத் தெரியாது.

பிறகு நினைவு தேய்ந்தது. 1832இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் ‘டேலண்டட்’ என்ற புது வழக்கைக் கண்டு கொதித்தார். இது ஆகுமென்றால் ஷில்லிங், ஃபார்திங் என்ற காசுகளை வைத்தும் இப்படிச் சொல் பண்ணலாமே என்று கேட்டார். அது பணத்தின் பெயர் என்பது அவருக்கு மறக்கவில்லை. 1865இல் ஆங்கில விஞ்ஞானி பிரான்சிஸ் கால்ட்டன் ஒரு பத்திரிகைக் கட்டுரைக்கு ‘பரம்பரைத் திறனும் குணமும்’ என்ற பொருளில் தலைப்பிட்டபோது, அதில் டேலண்ட் என்ற சொல்லையே வைத்தார். கொடுத்தவர் இருந்த இடத்தில் ரத்த வழி வந்து உட்கார்ந்தது. கணக்குக் கேட்க ஆள் இல்லை. உள்ளவன், இல்லாதவன் என்ற பிரிவு மட்டும் மிஞ்சியது. மனிதரில் நல்ல வித்தைப் பொறுக்கி வளர்க்கவேண்டும் என்ற கொள்கைக்கு 1883இல் ‘யூஜெனிக்ஸ்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. அந்தக் கொள்கையின் பேரால் பல நாடுகளில் மனிதர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். சொல்லை மட்டும் குற்றம் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து ‘இவனுக்கு டேலண்ட் இல்லை’ என்று யாராவது சொல்லும்போது, பேசுவது உவமை அல்ல, கால்ட்டன்.

தமிழில் இந்தச் சொல் இரண்டு முறை வந்திருக்கிறது. ஆங்கிலப் பள்ளியும் தொலைக்காட்சியும் தந்தது ‘டேலண்ட்’. அதற்கு முன்பே வேதாகமம் தந்தது ‘தாலந்து’. பாடுகிற பிள்ளையைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ‘ஆண்டவர் தந்த தாலந்து, புதைத்துவைக்காதே’ என்பார்கள். பிறப்பால் ஒரே சொல்லாக இருந்தும் இரண்டும் ஒன்றல்ல. டேலண்ட் உள்ளவனைப் பாராட்டுவதோடு சரி. தாலந்து உள்ளவனுக்கு வேலை வைக்கிறோம்.

பிறவிக் குணத்தைப் பற்றித் தமிழ் தனியே வைத்திருக்கும் கணக்கும் ஒன்று உண்டு. ஔவையார் பேரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஓவியத்தைக் கைக்கும், பேச்சை நாவுக்கும், கல்வியை மனத்துக்கும் பழக்கமாக ஆக்கிவிடுகிறது. நாம் டேலண்ட் என்று கொண்டாடும் கலைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் பழக்கத்தின் பக்கம் போய்விடுகின்றன. பிறவிக் குணம் என்று அது ஒதுக்கிவைப்பது நட்பையும் கொடையையும் போன்றவற்றை.