மலையிலிருந்து மான் இறங்கிய கதை

வேட்டைக் கதைகளில் குண்டு பாய்ந்ததோடு கதை முடிந்துவிடும். மலையில் அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கும். பாதையில்லாத சரிவில், 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆண் மான் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. ஊர் இரண்டு நாள் நடை தூரம். நடுவில் ஆறும் பள்ளத்தாக்கும். யார் சுமப்பது?

நியூசிலாந்து இந்தக் கேள்விக்குப் பல காலம் விடை தேடவே இல்லை. வௌவாலைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டியே இயற்கையில் இல்லாத நாடு அது. அங்கு குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு வேட்டை இல்லாத வாழ்க்கை சப்பென்று இருந்தது போலும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து சிவப்பு மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இலங்கைக் கடமான்களும் 1870-களில் அங்கே கப்பலேறிப் போயின. அடித்துத் தின்னப் புலியோ ஓநாயோ இல்லாததால் சிவப்பு மான்கள் பெருகி, தென் தீவின் மலைக்காடுகளை மொட்டையடித்தன. பறக்கத் தெரியாத டாக்காஹே பறவை தின்னும் மலைப்புல்லையும் விட்டுவைக்கவில்லை.

1930-இல் மானுக்கிருந்த சட்டப் பாதுகாப்பு பறிபோனது. அடுத்து அரசே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுட ஆரம்பித்தது. கணக்குக் காட்ட வாலோ தோலோ போதும். இறைச்சி கிடந்த இடத்திலேயே அழுகியது. வீண்தான், ஆனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதுகுச் சுமையாகவும் மட்டக்குதிரையிலும் எத்தனை மானை இறக்க முடியும்? ஆழமில்லாத ஆற்றிலும் ஓடும் ஜெட் படகு 1950-களில் வந்தது. அதுவும் ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. மான்களோ மேலே இருந்தன.

1960-களில் மேற்கு ஜெர்மனி மான் இறைச்சிக்கு நல்ல விலை கொடுத்தது. கீழே காசு, மேலே இறைச்சி, நடுவில் மலை. தென் தீவின் வனாக்கா ஊரில் தொழில் செய்துவந்த டிம் வாலிஸ், மரவியாபாரக் குடும்பத்துப் பையன், இந்த இடைவெளியைத்தான் பார்த்தார். 1963-இல் மாட்டுகிடுகிப் பள்ளத்தாக்கில், சுட்ட மான்களை ஹெலிகாப்டர் வைத்து இறக்கிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. வாடகை மணிக்கணக்கில் ஏறும் வாகனத்தில் இறைச்சி ஏற்றுவதா என்று யாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் ஒரு மனிதன் நாள் முழுக்க நடக்கும் தூரம் அதற்குச் சில நிமிடம். கணக்கு கட்டுப்படியானது.

செய்முறை எளிது, செய்வதுதான் கடினம். அடித்த மானின் குடலை அங்கேயே எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் உடற்சூட்டிலேயே இறைச்சி கெடும். தலையையும் கால்களின் கீழ்ப்பகுதியையும் அறுத்தெறிவார்கள். விற்காத எடையை ஏன் தூக்க வேண்டும்? பிறகு உடலில் கயிற்றுச் சுருக்கு மாட்டி, நாலைந்தை ஓரிடத்தில் சேர்ப்பார்கள். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். கீழே இருப்பவன், விசிறிக் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கயிற்று முனைகளை அதன் வயிற்றிலுள்ள கொக்கியில் மாட்டுவான். உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து தூக்கும் சக்தி குறையும். ஒரு மான் அதிகமானாலும் ஆபத்து. சுமை தாறுமாறாக ஆடினால் விமானி கொக்கியைத் திறந்துவிடலாம்; இறைச்சி போனால் போகட்டும்.

சில ஆண்டுகளிலேயே, தூக்கும் வண்டியிலிருந்தே சுட்டால் என்ன என்று யோசித்தார்கள். கதவைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கிக்காரன் உட்கார்ந்தான். ஃபியார்ட்லாந்து கடலோரத்தில் ‘ரங்கினுய்’ என்ற கப்பலைத் தளமாக நிறுத்தி, மலையிலிருந்து நேரே கப்பலுக்கு இறக்கினார் வாலிஸ். போட்டி முற்றி, மானுக்காக விமானிகள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட காலமும் வந்தது. பலர் விபத்தில் செத்தார்கள். வாலிஸே 1968-இல் மின்கம்பியில் சிக்கி விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். கால் ஊனத்தோடு மறுபடியும் பறந்தார். துணிச்சல் என்று இதைப் புகழ்வார்கள். பாதி துணிச்சல், பாதி பணத்தின் அவசரம் என்பேன்.

1969-இல் மான் பண்ணைக்குச் சட்டம் இடம் கொடுத்ததும் கணக்கு தலைகீழானது. செத்த மானைவிட உயிருள்ள பெட்டை மானுக்குப் பல மடங்கு விலை. நேற்றுவரை சுட்டவர்கள், தாழப் பறக்கும் ஹெலிகாப்டரிலிருந்து மானின் முதுகில் குதித்து அதைக் கட்டிப் பிடித்தார்கள். பின்னர் வலை வீசும் துப்பாக்கி வந்தது. கொல்லப்பட வேண்டிய தொல்லையாக அரசு எழுதிவைத்த விலங்கு, வேலிக்குள் வளர்க்கும் சொத்தானது.

வாலிஸ் 2023-இல் காலமானார். காட்டு மானை ஹெலிகாப்டரில் இறக்கும் தொழில் அரசு அனுமதியோடு இன்றும் நடக்கிறது. ஆனால் அது காட்டுக்காக நடக்கும் தொழில் அல்ல. இறைச்சி விலை ஏறினால் ஹெலிகாப்டர் கிளம்பும். விலை விழுந்தால் கொட்டகையில் நிற்கும், மலையில் மான் மறுபடியும் பெருகும்.