நாய்க்குப் பாடம் எடுப்பவர்கள் - ஒரு தொழில் பிறந்த கதை

நாயைப் பழக்குவது மனிதனுக்குப் புது வேலை இல்லை. வேட்டைக்காரனும் ஆடு மேய்ப்பவனும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்து வந்ததுதான். ஆனால் "விலங்குப் பயிற்சியாளர்", "விலங்கு நடத்தை நிபுணர்" என்று போர்டு மாட்டிக்கொண்டு அதையே பிழைப்பாகச் செய்வது எப்போது ஆரம்பித்தது? இதைத் தேடிப் படித்தபோது கிடைத்த கதையில் நாயை விடப் புறா, பன்றி, டால்பின்தான் அதிகம் வருகின்றன. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நாய் கடைசியில் வந்துவிடும் :)

முதலில் போலீஸ்

ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்று ஒரு போலீஸ் அதிகாரி இருந்தார். போலீஸ் நாய்களைப் பழக்கிய அனுபவத்தை வைத்து 1910-ல் ஒரு புத்தகம் எழுதினார். நாய்க்கு நம் மொழி புரியாது, அது செய்த காரியத்துக்கு உடனே என்ன கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறது என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். இதுவரை சரி. ஆனால் அவர் முறையில் பாதி கட்டாயம்தான். கழுத்துப் பட்டையை வெடுக்கென்று இழுப்பது, தேவைப்பட்டால் பிரம்பு. போலீஸும் ராணுவமும் இதைத்தான் எடுத்துக்கொண்டன. பிறகு வீட்டு நாய்களுக்கும் இதுவே வழக்கமானது. அமெரிக்காவில் 1962-ல் வில்லியம் கோலர் எழுதிப் புகழ்பெற்ற பயிற்சிப் புத்தகமும் இதே வழிதான்.

அதே காலத்தில் ஆய்வுக்கூடங்களில் வேறு கதை. 1898-ல் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறக்க எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று பார்த்தார். நல்ல விளைவு தரும் செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பது அவர் முடிவு. ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களின் எச்சிலை அளந்துகொண்டிருந்தார் (1904-ல் அவருக்கு நோபல் கிடைத்தது இதற்கு இல்லை, செரிமான ஆராய்ச்சிக்கு!). ஆனால் நாய் பழக்குபவர்கள் இதையெல்லாம் படிக்கவில்லை. விஞ்ஞானிகளும் நாய் பழக்குபவர்களிடம் போய்க் கேட்கவில்லை.

மாவு மில்லில் ஒரு நாள்

இரண்டையும் சேர்த்து வைத்தது இரண்டாம் உலகப் போர். உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னருக்கு ஒரு விசித்திரமான யோசனை வந்தது. குண்டுக்குள் புறாவை உட்கார வைத்து, அது திரையில் இலக்கைக் கொத்தக் கொத்தக் குண்டு அந்தத் திசையில் திரும்ப வேண்டும்! மினியாபோலிஸ் நகரில் ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் மாவு மில்லில், மேல் மாடியில் இந்த ஆராய்ச்சி நடந்தது. 1944-ல் அரசு பணத்தை நிறுத்திவிட்டது. எந்தப் புறாவும் போருக்குப் போகவில்லை.

ஆனால் 1943-ல் அந்த மாடியில் ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. வேலை இல்லாமல் சும்மா இருந்த நேரத்தில், ஒரு புறாவுக்கு மரப்பந்தை அலகால் தள்ளக் கற்றுக்கொடுக்கலாம் என்று முயற்சி செய்தார்கள். அது தானாகத் தள்ளட்டும் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பந்தைப் பார்த்தாலே தானியம், அலகை அருகே கொண்டுபோனால் தானியம், தொட்டால் தானியம் என்று படிப்படியாகக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் புறா பந்தைச் சுவரில் மோதும்படி அடிக்க ஆரம்பித்துவிட்டது. அடி இல்லை, இழுப்பு இல்லை. சரியான நொடியில் தானியம், அவ்வளவுதான்.

படிப்பை விட்ட ஜோடி

ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் ப்ரீலண்ட், மரியன் ப்ரீலண்ட் தம்பதியும் இந்தத் திட்டத்தில் வேலை செய்தவர்கள். இதை வைத்துப் பிழைக்க முடியும் என்று இருவருக்கும் தோன்றியது. டாக்டர் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மினசோட்டாவில் ஒரு பண்ணை வாங்கி 'அனிமல் பிஹேவியர் என்டர்பிரைசஸ்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். நடத்தை அறிவியலை வைத்து விலங்குகளைப் பழக்கும் தொழில் பிறந்தது இங்கேதான் என்று சொல்லலாம்.

அவர்கள் முதலில் போனது நாய் பழக்குபவர்களிடம். அடிக்காமல் சீக்கிரமாகப் பழக்க ஒரு வழி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. காலங்காலமாக ஒரு மாதிரி பழக்கி வருகிறோம், அது நன்றாகத்தானே இருக்கிறது, நேற்று வந்த நீங்கள் என்ன சொல்வது என்ற மனநிலை.

சரி, வயிற்றுப் பிழைப்பு? கால்நடைத் தீவன விளம்பரத்துக்குக் கோழிகளைப் பழக்கிக் கொடுத்தார்கள். பிரிசில்லா என்ற பன்றி ரேடியோவைப் போடும், மேஜையில் காலைச் சாப்பாடு சாப்பிடும், அழுக்குத் துணியைக் கூடையில் போடும், கடைசியில் சரியான தீவனத்தைத் தேர்ந்தெடுக்கும். கூட்டம் அள்ளியது! பிறகு ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர்ந்து, 1955-ல் 'ஐ.க்யூ. ஜூ' என்ற காட்சிசாலையைத் திறந்தார்கள்.

பன்றி சொன்ன பாடம்

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 1951-ல் இந்தத் தம்பதி ஒரு கட்டுரை எழுதினார்கள். எங்கள் முறை அருமையாக வேலை செய்கிறது, இதை ஒரு தனித் துறையாக வளர்க்கலாம் என்பது அதன் சாரம். பத்து வருடம் கழித்து 1961-ல் இன்னொரு கட்டுரை. அதற்குள் 38 இனங்களைச் சேர்ந்த 6000-க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பார்த்துவிட்டார்கள். ஸ்கின்னரின் 1938 புத்தகத்தின் பெயர் 'உயிரிகளின் நடத்தை'. இவர்கள் கட்டுரைக்கு வைத்த பெயர் 'உயிரிகளின் தப்பு நடத்தை'!

ஒரு பன்றி பெரிய மரக்காசுகளை எடுத்து உண்டியலில் போடப் பழகியது. முதலில் ஓடி ஓடிப் போட்டது. வாரங்கள் போகப்போக, காசைக் கீழே போட்டு மூக்கால் மண்ணைக் கிளறுவது போல் உருட்ட ஆரம்பித்தது. 6 அடி தூரத்துக்கு 4 காசு கொண்டுபோகப் பத்து நிமிடம் ஆனது. அதனால் வயிறு நிறையச் சாப்பாடும் கிடைக்கவில்லை. இருந்தும் நிறுத்தவில்லை. ரக்கூனோ இரண்டு காசைக் கையில் வைத்துக்கொண்டு, கஞ்சன் மாதிரித் தேய்த்துக்கொண்டே இருந்தது. வெகுமதி கொடுத்தால் எதையும் செய்ய வைக்கலாம் என்ற கொள்கைப்படி இப்படி நடக்கவே கூடாது. பன்றி பன்றியாகத்தான் இருக்கும், ரக்கூன் ரக்கூனாகத்தான் இருக்கும், விலங்கின் இயல்பைத் தெரிந்துகொள்ளாமல் பயிற்சி இல்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் தொழிலுக்கே அடிப்படையான கொள்கையில் ஓட்டை இருக்கிறது என்று அச்சில் எழுத எவ்வளவு தைரியம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

டால்பின் வழியாக நாய்க்கு

நாய்க்காரர்கள் வேண்டாம் என்று சொன்ன முறையை டால்பின்காரர்கள் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. காரணம் எளிது. டால்பினுக்குக் கழுத்துப் பட்டை போட முடியாது. அடிக்கப் போனால் நீந்திப் போய்விடும். எனவே சரியாகச் செய்த நொடியில் ஒரு விசில், பிறகு மீன். விசில் என்பது "இதுதான், மீன் வருகிறது" என்ற சொல் மாதிரி. ஹவாயில் 1960-களில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர், 1984-ல் 'நாயைச் சுடாதே' என்ற புத்தகத்தில் இதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி எழுதினார். 1990-களில் விசிலின் இடத்தில் 'டிக்' என்று சத்தம் போடும் சின்னக் கிளிக்கர் வந்தது. ப்ரீலண்ட் தம்பதி 1940-களிலேயே கிளிக்கரைப் பயன்படுத்தியவர்கள். நாய் உலகம் அதை ஏற்க அரை நூற்றாண்டு ஆனது. கெல்லர் 1965-லேயே இறந்துவிட்டார். மரியன் 1978-ல், பாதியில் விட்ட டாக்டர் பட்டத்தை வாங்கியே விட்டார். 2001-ல் அவர் இறந்தபோது இந்த முறை உலகம் முழுக்கப் பரவியிருந்தது.

இன்று?

இப்போது மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். உட்கார், வா, நில் என்று சொல்லிக்கொடுப்பவர் பயிற்சியாளர். பயம், கடி போன்ற சிக்கல்களைப் பார்ப்பவர் நடத்தை நிபுணர். அமெரிக்காவின் விலங்கு நடத்தைச் சங்கம் இவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது, அதற்கு மேற்படிப்பும் அனுபவமும் வேண்டும். மருந்து எழுதிக்கொடுக்கும் நடத்தை மருத்துவர் மூன்றாவது. அவர் கால்நடை மருத்துவம் முடித்து மேலே படித்தவர். பயிற்சியாளர்களுக்கும் 2001 முதல் அங்கே தனித் தேர்வு நடக்கிறது.

ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கூட "நான் நாய்ப் பயிற்சியாளர்" என்று சொல்லிக்கொள்ள இந்தச் சான்றிதழ் எதுவும் சட்டப்படி கட்டாயம் இல்லை. 1910-ன் பிரம்பும் 1943-ன் தானியமும் இன்னும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் விற்கின்றன. வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது, நாயால் சொல்லவும் முடியாது. உங்களில் யாராவது இந்தத் தொழிலுக்குப் போக நினைத்தால், பயிற்சியை மட்டும் இல்லாமல் விலங்கின் இயல்பையும் சேர்த்துப் படியுங்கள். நாயைப் பயிற்சிக்கு அனுப்புபவராக இருந்தால் இரண்டே கேள்வி போதும்: நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு அவர் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.