இரவுக் காவலனுக்குப் பகலே இரவு

இரவை ஓய்வுக்கும் பகலைப் பிழைப்புக்கும் வகுத்துக்கொண்டு வாழ்வதே மனித குலத்தின் பொதுவழக்கு. திருமறையும் இரவை ஆடையாகவும், பகலை வாழ்வுக்கான பொருள் தேடும் காலமாகவும் எடுத்துரைக்கிறது. ஆயினும் ஊர் உறங்கும் வேளையில் விழித்திருக்க ஒரு சிலர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் தேவைப்பட்டே வந்துள்ளனர். மன்னர்களின் போர்களையும் பட்டங்களையும் வரிசைப்படுத்தி எழுதிய வரலாற்றாசிரியர்கள், அந்தச் சிலர் எப்போது உறங்கினர் என்று கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை. அக்கேள்வியின் பக்கம் நம்மைத் திருப்பியது நாம் செய்த ஒரு தவறு.

ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன், புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றின் மத்ரஸாவில் நாம் ஓதிக்கொடுத்து வந்தோம். காலை எட்டு மணிக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' பாடம் தொடங்கும். பன்னிரண்டு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மூலத்தை உரத்து வாசிப்பார்கள். சுவருக்கு அப்பால் ஓர் ஓட்டு வீடு. அங்கே குடியிருந்த முதியவர், மீனுக்கு ஐஸ் உடைத்துத் தரும் கம்பெனி ஒன்றில் இரவுக் காவலர். ஒருநாள் அவர் மத்ரஸா வாசலில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"ஹஜரத்து, புள்ளைங்க கொஞ்சம் மெதுவா ஓதுனா நல்லா இருக்கும். ராவெல்லாம் முழிச்சிட்டு வந்து படுத்தேன்" என்றார்.

"காலை நேரம் பரக்கத்தான நேரமாயிற்றே பாய், அப்போதா உறங்குவது?" என்று நாம் சொல்லிவிட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் மறுமொழி எதுவும் கூறாமல் திரும்பிப் போனார்.

அன்று ஓதிக்கொண்டிருந்த பகுதி, ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை உடைய கணவன் தன் நேரத்தை அவர்களிடையே நீதியாகப் பங்கிடுவது பற்றியது. பங்கீட்டில் இரவே அடிப்படை, பகல் அதனைத் தொடர்ந்து வருவது என்று இமாமவர்கள் விதி கூறுகிறார்கள். உடனே ஒரு விலக்கும் தருகிறார்கள். இரவில் வேலைசெய்து பகலில் ஓய்வு கொள்பவனுக்கு இவ்விதி தலைகீழாகும். அவனுக்குப் பகலே அடிப்படை. இதற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'ஹாரிஸ்', அதாவது காவலாளி. "ஹாரிஸ் என்றால் யார்?" என்று ஒரு பிள்ளை கேட்டான். பொருள் சொல்ல வாய் திறந்த பின்னரே, சற்றுமுன் வாசலில் யாரைத் திருப்பியனுப்பினோம் என்பது நமக்கு உறைத்தது.

இமாம் நவவீ ஹிஜ்ரி 676இல், அதாவது கி.பி. 1277இல் மறைந்தவர்கள். வாழ்நாளின் பெரும்பகுதியை டமாஸ்கஸ் நகரில் கற்பதிலும் கற்பிப்பதிலும் கழித்தவர்கள். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் எகிப்தில் அந்நூலுக்கு விரிவுரை எழுதிய கதீப் ஷிர்பீனீ (மறைவு ஹிஜ்ரி 977) காவலாளியோடு இன்னொருவனையும் சேர்த்துக்கொண்டார். அவன் பொதுக் குளியற்கூடத்தின் உலைக்கு நெருப்பிடுபவன். விடிந்ததும் ஊரார் வெந்நீரில் குளிக்க வேண்டுமாயின் இரவெல்லாம் ஒருவன் அடுப்பின்முன் அமர்ந்திருக்க வேண்டுமன்றோ! அவனையும் நீ இரவில் உறங்கு என்று சட்டம் பணிக்கவில்லை. தன் நாழிகையை அவனுக்காகத் திருப்பி வைத்தது.

திருமறையின் 'ரூம்' அத்தியாயத்தில் 23ஆம் வசனம் இங்கு நினைக்கத்தக்கது. மனிதரின் உறக்கத்தையும் பொருள் தேடுதலையும் இறைவனின் அத்தாட்சிகளாகக் கூறும் அவ்வசனம், உறக்கத்தோடு இரவையும் பகலையும் சேர்த்தே சொல்கிறது. உறக்கம் இரவுக்கும், தேடுதல் பகலுக்கும் உரியவை என்று நிரல்நிறையாகப் பிரித்துப் பொருள்கொள்வதே வெளிப்படையானது என்பார் 'கஷ்ஷாஃப்' விரிவுரையாசிரியர் ஸமக்ஷரீ (மறைவு ஹிஜ்ரி 538). இரு பொழுதிலும் உறக்கம், இரு பொழுதிலும் தேடுதல் என்று கொள்ளவும் இடமுண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. முதற்பொருள் ஊராரின் வாழ்வைச் சொல்வதாயின், இரண்டாம் பொருளில் காவலாளிக்கும் ஓரிடம் கிடைத்துவிடுகிறது.

இனி, அக்காவலாளியின் குலம் எத்துணைப் பழமையானது என்று பார்ப்போம். மதீனாவின் தெருக்களில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தாமே இரவில் சுற்றிவந்த செய்தியை வரலாற்று நூல்கள் போற்றிக் கூறும். 'அஸஸ்' எனப்பட்ட அவ்விரவுச் சுற்று, பின்னர் நகரந்தோறும் ஒரு பதவியாகவே வளர்ந்தது. ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் நகரங்களில் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு வாயில் இருந்தது. இஷாவுக்குப் பின் அது அடைக்கப்படும். தொங்கும் விளக்கு, விழித்திருக்கும் நாய், கைக்கெட்டும் ஆயுதம் ஆகிய மூன்றோடும் ஒரு காவலன் அங்கே இரவைக் கழிப்பான். இதனை மக்கரீ (மறைவு ஹிஜ்ரி 1041) விரித்துரைக்கிறார்.

தமிழகமும் இதற்குப் பின்தங்கியதன்று. பகற்கடைக்கு நாளங்காடி என்றும் இரவுக்கடைக்கு அல்லங்காடி என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருந்த நாடு இது. சங்க நூலாகிய மதுரைக்காஞ்சி மதுரையின் இரவை யாமம் யாமமாகப் பிரித்துக் காட்டுகிறது. எல்லோரும் துயிலும் நடுயாமத்தில் கள்வரைத் தேடித் திரியும் ஊர்க்காவலரும் அங்கே வருகின்றனர்.

நமது புதுக்கோட்டை மண்ணில் இக்காவல் கல்லிலேயே எழுதப்பட்டுள்ளது. புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1929இல் தொகுத்து அச்சிடப்பட்டது. அத்தொகுதியில் 'பாடிகாவல்' என்னும் சொல் பலவிடங்களில் வருகிறது. பிற்காலப் பாண்டியர் நாளிலும் அதன் பின்னரும், ஊரார் தம் ஊரின் பாடிகாவல் உரிமையை அரையர் எனப்பட்ட தலைவர்களுக்கு விற்றுக் கொடுத்திருக்கின்றனர். விற்றவர் யார், வாங்கியவர் யார், அவருக்குச் சேர வேண்டிய நெல் முதலிய வருவாய் எவ்வளவு என்பன பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த அரையரின் பேரால் வேலும் தடியும் ஏந்தி வயற்புறத்தில் இரவைக் கழித்தவனைப் பற்றிக் கல் பேசவில்லை. காவலின் விலை நமக்குத் தெரிகிறது. காவலனின் பகல் தெரியவில்லை.

அவன் உடல் பட்ட பாட்டை மருத்துவ நூலார் அறிந்திருந்தனர். கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் 'கானூன்' நூலில், பகலுறக்கம் தீது, அது நிறத்தைக் கெடுக்கும், பல நோய்களைக் கொணரும் என்று எழுதினார். எனினும், அதற்குப் பழகிப்போனவன் ஒரேயடியாக அதனை விட்டுவிடலாகாது, படிப்படியாகவே மாற வேண்டும் என்றும் சேர்த்துரைத்தார். பழக்கம் மாறுவதற்கு உடல் காலம் கேட்கும் என்ற உண்மை அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய அறிவியல் அதன் காரணத்தைத் துலக்குகிறது. உயிரணுக்களுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் இயங்கும் ஒரு கடிகாரம் உள்ளது. அதன் இயக்கத்தைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கண்ணில் விழும் வெளிச்சமே அக்கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது. இரவு வேலை முடித்து வீடு திரும்புபவன் முகத்தில் காலை வெயில் படும்போது, உடல் 'விடிந்தது' என்று எண்ணிக்கொள்கிறது. அதனால் அவனது பகலுறக்கம் இரவுறக்கத்தின் அளவுக்கு நீள்வதில்லை. அறையை இருட்டாக்கிக்கொள்வதும், நாள்தோறும் ஒரே நேரத்தில் படுப்பதும், வேலை முடியும் வேளையில் தேநீரையும் காப்பியையும் தவிர்ப்பதும் ஓரளவு துணைசெய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல், உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவு முறை வேலையைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. 2019இல் மறு ஆய்வு செய்து அதனை உறுதிப்படுத்தியது.

இதற்கிடையே உலகத்து இரவுகளை ஆலைகள் பிடித்துக்கொண்டன. முன்னெல்லாம் ஊருக்குச் சிலரே விழித்திருந்தனர். மின்விளக்கு வந்தபின் ஆயிரக்கணக்கானோர் விழித்திருக்க நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் விளக்கொளியில் வேலை நேரம் நீண்டுகொண்டே போயிற்று. 1911ஆம் ஆண்டுச் சட்டம் வந்தே அதனை ஆடவருக்குப் பன்னிரண்டு மணியாகக் குறுக்கியது. விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. அச்சட்டத்தின் 57ஆம் பிரிவை அரபு மத்ரஸாவில் ஓதிய எவரும் வியப்புடன் வாசிப்பர். நள்ளிரவைக் கடந்து நீளும் முறையில் வேலை செய்பவனுக்கு விடுமுறை நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதன்று. அவன் வேலை முடியும் வேளையிலிருந்து 24 மணி நேரமே அவனுக்கு ஒரு நாள் என்று அது கூறிற்று. டமாஸ்கஸ் அறிஞர் காவலாளிக்காகச் செய்ததை, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் புதுதில்லியில் ஆலைத் தொழிலாளிக்காகச் செய்தனர்.

இனி நமது கடற்கரைக்கு வருவோம். 1974ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்த புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் பாக் நீரிணையை ஒட்டிச் சிறியதொரு கரை உண்டு. அதில் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் விசைப்படகுத் துறைகள். கேரளத்தில் 1953இல் தொடங்கிய இந்திய–நார்வே மீன்வளத் திட்டத்தின் வழியே இழுவலைப் படகு பரவி, 1960களில் பாக் நீரிணையையும் எட்டியது. பகலில் கடலடி மண்ணுக்குள் புதைந்து கிடந்து இரவில் இரைதேடி வெளிவரும் இறால் இனங்கள் இங்கு மிகுதி. இறாலின் உறக்கமே மீனவனின் உறக்கத்தை மாற்றி வைத்தது எனலாம். விசைப்படகும் நாட்டுப்படகும் மோதிக்கொள்ளாதிருக்க, விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு இக்கரையில் நிலைத்தது. விசைப்படகுகள் அனுமதிச் சீட்டுப் பெற்றுப் புறப்பட்டு, இரவெல்லாம் வலையிழுத்து, மறுநாள் காலையில் கரை சேரும். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லை அந்த இருளில் கண்ணுக்குத் தெரிவதன்று. ஆதலின் கைகளோடு அச்சமும் விழித்திருக்கும். கோடையில் 2017 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலம் வந்தால், அதே உடல் மீண்டும் இரவில் உறங்கப் பழக வேண்டும்.

அத்தெருக்களில் முற்பகல் வேளையில் நடந்து பார்த்திருக்கிறோம். திண்ணைகளிலும் வேப்பமர நிழலிலும் ஆடவர் உறங்குவர். பெண்கள் தாழ்ந்த குரலில் பேசுவர். பிள்ளைகள் வேறு தெருவுக்குப் போய் விளையாடுவர். அங்கே எவரும் எவரையும் சோம்பேறி என்பதில்லை. தெருவே ஒருசேரக் கடலுக்குப் போனதால், தெருவே ஒருசேர உறங்குகிறது. ரமளானில் நமது வீடுகளில் நிகழ்வதும் அதுவன்றோ! ஸஹருக்கு எழுந்தவர்கள் பகலில் சற்றே கண்ணயர்ந்தால் எவரும் குறைகூறார். ஊரோடு சேர்ந்து உறக்கத்தை மாற்றுவது எளிது. ஒருவன் தனியாக மாற்றும்போதே அது சுமையாகிறது. நமது அடுத்த வீட்டுக் காவலர் தனியராக இருந்தார். இன்று மருத்துவமனைச் செவிலியரும், அடுக்குமாடிக் காவலரும், வேற்று நாட்டு நேரத்துக்கு வேலை செய்யும் இளைஞரும் அவ்வாறே தத்தம் தெருக்களில் தனியராக இருக்கின்றனர்.

'நூர்' அத்தியாயம், பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டிய மூன்று நேரங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று நண்பகல். ஆடை களைந்து ஓய்வெடுக்கும் வேளை. பகலில் கண்ணயர்ந்தவரின் கதவுக்கும் மதிப்புண்டு என்று அதை ஓதிக்கொடுத்த நாமே, ஒரு முதியவரின் சுவரை மதியாது போனோம்.

மறுவாரமே மின்ஹாஜ் பாடத்தை லுஹருக்குப் பின் மாற்றினோம். காலையில் பிள்ளைகள் எழுத்து வேலை செய்தனர். அம்முதியவர் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் முன்போலவே ஸலாம் சொல்வார். பொருந்திக்கொள்ளும்படி வாய்திறந்து கேட்க வேண்டும் என்று பலமுறை எண்ணியும், ஆசிரியர் என்ற பெருமை தடுத்தது. சில ஆண்டுகளில் அவர் மௌத்தாகிவிட்டார். இப்பொழுது அப்பகுதியை ஓதிக்கொடுக்கும் போதெல்லாம், 'ஹாரிஸ்' என்ற சொல்லுக்குப் பொருள் கூறிவிட்டுப் பிள்ளைகளிடம், உங்கள் தெருவில் பகலில் உறங்குபவர் யார் என்று கேட்கிறோம். வாசக அன்பர்களும் தம் தெருவை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். ஒலிபெருக்கியைத் திருப்பி வைக்கவும், அழைப்பு மணியைச் சற்றுப் பொறுத்து அழுத்தவும் அது போதுமானது.