தெருவில் நீளும் பாவு: காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் குடியிருப்பும் தொழிலும்

காஞ்சிபுரத்தின் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஏகாம்பரநாதர் கோயிலைச் சூழ்ந்த பெரிய காஞ்சிபுரத்தையும் வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த சின்ன காஞ்சிபுரத்தையும் விரிவாக எழுதியுள்ளனர். நகரின் மேற்கு ஓரத்திலுள்ள பிள்ளையார்பாளையம் அந்த நூல்களில் 'நெசவாளர் வாழும் பகுதி' என்ற ஒரே தொடரில் முடிந்துவிடும். கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லும் பயணிகளும் அதன் ஓரமாகவே கடந்து போகிறார்கள். இத்தனைக்கும் அப்பரும் சுந்தரரும் பாடிய கச்சித் திருமேற்றளி இப்பகுதியில்தான் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே பாடல்பெற்ற தலம் இருந்த இடத்தைப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட புறநகராகக் கொள்வது பொருந்தாது.

காஞ்சிப் பட்டு நெசவின் உற்பத்தி அலகு வீடு அன்று, தெரு என்பதே இக்கட்டுரையின் வாதம். வீட்டுக்குள் இருக்கும் தறியை மட்டும் கணக்கில் எடுத்ததால்தான் கூட்டுறவும் சட்டமும் புவிசார் குறியீடும் சேலையைக் காத்த அளவுக்கு நெசவாளர் குடியிருப்பைக் காக்கவில்லை.

முதலில் பழைய சான்று ஒன்று. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் உத்தம சோழன் வழங்கிய, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள செப்பேடு, கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிர்வாகத்தைப் பற்றிப் பேசுகிறது. கருவுளான்பாடி, அதிமானப்பாடி முதலிய நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்ற நெசவாளரிடம் கோயில் காரியம் ஒப்படைக்கப்பட்டதை அது பதிவுசெய்கிறது. கோயிலின் நிழலில் நெசவு வளர்ந்தது என்று வழக்கமாகச் சொல்கிறோம். இந்தச் செப்பேட்டில் கோயிலின் வரவுசெலவே நெசவுத் தெருக்காரர் பொறுப்பில் இருக்கிறது. அந்தப் பொறுப்பு அவர்களுக்குத் தனித்தனி ஆட்களாக வரவில்லை, இன்ன குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் என்ற முறையில் வந்தது. அந்தப் பாடிகளையும் இன்றைய தெருக்களையும் நேர்கோட்டில் இணைப்பது தவறாகும். அன்றையோர் சாலியர், இன்று பிள்ளையார்பாளையத்தில் செங்குந்தர் மிகுதி. சாதியும் இடமும் மாறியிருக்கலாம். குடியிருப்பே பொறுப்பேற்கும் முறைமை மட்டும் தொடர்ந்தது.

விஜயநகரக் காலத்திலும் நெசவாளரின் உரிமை இப்படி ஊர் சார்ந்தே வந்ததைக் காணலாம். பல்லக்கு, சங்கு முதலிய மரியாதைகளைத் தென்னார்க்காட்டுப் பக்கத்துக் கைக்கோளருக்கு, அதாவது செங்குந்தருக்கு, வழங்கிய பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, காஞ்சிபுரத்துக் கைக்கோளர் அனுபவித்துவந்த உரிமையையே அளவுகோலாகக் கொள்கிறது. செங்குந்தரின் எழுபத்திரண்டு நாடுகளுக்கும் காஞ்சி தலைமையிடமாக இருந்ததை மானிடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ் 1984இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இனித் தெருவுக்கு வருவோம். சேலையின் நீளவாட்டு இழைத் தொகுதியே பாவு. மூன்று சேலைக்கு ஒரு பாவு என்று வைத்துக்கொண்டாலும் அதன் நீளம் 18 மீட்டருக்குக் குறையாது. பிள்ளையார்பாளையத்து வீடு எதிலும் அவ்வளவு நீளமான இடம் கிடையாது. ஆகவே விடியற்காலையில் பாவு தெருவுக்கு வருகிறது. குறுக்குக் கழிகளில் தாங்கி, இரு முனையிலும் இழுத்துக் கட்டி, ஆயிரக்கணக்கான இழைகளைப் பரப்புகிறார்கள். அறுந்த இழையைத் தேடி முடிகிறார்கள், அரிசிக் கஞ்சி தெளிக்கிறார்கள், வெயில் ஏறுமுன் சுருட்டி எடுத்துவிடுகிறார்கள். ஒரு குடும்பத்தால் இது ஆகாது. எதிர்வீட்டுக்காரர் முனையைப் பிடிக்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பெண்கள் இழை பார்க்க வேண்டும். நாளை அவர்கள் பாவு வெளியே வரும்போது இவர்கள் போய் நிற்பார்கள். இதற்குக் கூலி கிடையாது, கணக்குப் புத்தகமும் கிடையாது. சாவு வீட்டில் தோள் கொடுப்பதும் திருவிழாவுக்கு வரி கொடுப்பதும் இந்த விடியற்காலைக் கடமையோடு சேர்ந்தே நடக்கின்றன.

தறிக்குள் நடப்பதும் இதே கதைதான். கரைக்கும் உடலுக்கும் வெவ்வேறு நிறம் வைத்து இரண்டையும் இணைக்கும் கோர்வை நெசவுக்கு மூன்று நாடா வேண்டும், நெய்பவருக்கு அருகே கரை கோர்க்க இன்னொருவர் வேண்டும். முந்தி வேறு நிறமானால் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைப் பிணைக்கும் பிட்னி வேலை இருக்கிறது. அதில் கைதேர்ந்தவர்கள் சிலரே. சாயம் போடுபவர், அச்சு பிணைப்பவர், வடிவங்களுக்கான அடை கட்டுபவர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் தறி ஓடும். அவர்களில் ஒருவர் தொழிலை விட்டாலும் பத்துத் தறிகள் காத்துக் கிடக்கும்.

இந்தத் தெருவைப் பொற்காலமாகக் காட்டுவது நேர்மையாகாது. அதன் ஒற்றுமை சாதியின் எல்லையோடு நின்றது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகள் ஒரே வாசலில் கட்டிப்போட்டது. எல்லாவற்றிலும் கொடியது, அந்தக் கடனுக்கு ஈடாகக் கரை கோர்க்கும் இடத்தில் சிறுவர்கள் உட்கார வைக்கப்பட்டது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையை நெசவின் அழகைப் போற்றும் எவரும் படித்தாக வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், அது வெற்றி. அவர்கள் எழுந்த இடத்தில் இன்று பெரும்பாலும் மனைவிமார் உட்காருகிறார்கள். இருவர் உழைப்புக்கும் சேர்த்து வரும் கூலி ஒருவர் பெயரில்தான் எழுதப்படுகிறது.

அரசியலும் இந்தத் தறிகளைத் தொட்டிருக்கிறது. 1909இல் காஞ்சியின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1942இல் 'திராவிட நாடு' இதழை இவ்வூரிலிருந்தே தொடங்கினார். 1950களின் தொடக்கத்தில் கைத்தறி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, அவரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அதன்பின் கூட்டுறவுச் சங்கங்கள் வலுப்பெற்றன. மாநில அரசு ஜரிகைக்கெனக் காஞ்சிபுரத்தில் தனி நிறுவனமே அமைத்தது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களை விசைத்தறி நெய்யக் கூடாது என்றது. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை ஒவ்வொன்றும் பயன் தந்தவையே, மறுக்கவில்லை. ஆனால் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, சேலை எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்று கேட்ட இந்த ஏற்பாடுகளில் ஒன்றுகூட அந்தப் பாவு எங்கே நீட்டப்பட்டது, யார் பிடித்தார்கள் என்று கேட்கவில்லை. கீழ்க்கதிர்ப்பூரில் அமைந்த பட்டுப் பூங்காவும் தறிகளை ஒரே வளாகத்தில் திரட்டும் எண்ணத்தில் உருவானதுதான். கூரை போட்டுத் தரலாம், எதிர்வீட்டைக் கட்டித் தர இயலாது.

பிள்ளையார்பாளையத்தின் சரிவுக்கு விசைத்தறியை மட்டும் காரணம் சொல்வது ஏன் போதாது என்பதும் இங்கே விளங்கும். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தது, பின்னர் திருப்பெரும்புதூரும் ஒரகடமும் வளர்ந்தன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கம்பெனிப் பேருந்தில் ஏறினார்கள். மாதச் சம்பளம், வருங்கால வைப்புநிதி, முதலாளியின் கடன் இல்லாத வாழ்வு எல்லாம் கிடைக்கும்போது அவர்கள் போனதில் குற்றம் காண எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போனாலும் பாவு பிடிக்கத் தெருவில் ஓர் ஆள் குறைகிறது. நான்கு பேர் போனால் ஐந்தாவது வீட்டுத் தறியும் நின்றுவிடும், அந்த வீட்டுக்காரர் தொழிலை விரும்பினாலும் சரி. தறிகளை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பு இந்த அறுபடலைக் காட்டாது. தெருவும் மாறிவிட்டது. விடியுமுன்னே இருசக்கர வாகனங்களும் பால் வண்டிகளும் ஓடும் சாலையில், பாவு நீட்டுவோர் வண்டிகளுக்கு வழிவிட்டே வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

2021இல் காஞ்சிபுரம் மாநகராட்சியாகிவிட்டது. அதன் சாலைத் திட்டங்களில் நெசவுத் தெருக்களைத் தனியாகக் குறித்து, விடியற்காலையில் பாவுக்கென நேரமும் இடமும் ஒதுக்க வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கரை கோர்க்கும் பெண்ணின் பெயர் கூட்டுறவுச் சங்கப் பதிவேட்டில் தனி உறுப்பினராக ஏற வேண்டும். பிட்னி போடுபவர், அடை கட்டுபவர் யார் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் மாணவர்களைக் கொண்டு இப்போதே தொகுக்க வேண்டும், அவர்களில் பலர் முதியவர்கள்.