முறைசாராத் தொழிலாளர் நல வாரியங்களின் வரலாறு

நிலையான முதலாளி இல்லாத தொழிலாளர்களுக்கு விபத்து இழப்பீடு, மருத்துவ உதவி, மகப்பேறு உதவி, ஓய்வூதியம் போன்ற பாதுகாப்புகளை வழங்க இந்தியாவில் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்ட அமைப்புகள் தொழிலாளர் நல வாரியங்கள் எனப்படும். சுமை தூக்குவோர், கட்டுமானத் தொழிலாளர், பீடி சுற்றுவோர் எனப் பல பிரிவினருக்கு இத்தகைய வாரியங்களும் நல நிதிகளும் ஏற்பட்டன. பாதுகாப்புக்கான பணத்தை யாரிடம் பெறுவது, அதைப் பெற உரிய தொழிலாளி யார் என்பதை எப்படி அறிவது என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிய முயற்சியே இவ்வாரியங்களின் வரலாறு ஆகும்.

பின்னணி

நவீன சமூகக் காப்பீட்டு முறை ஜெர்மனியில் தோன்றியது. பிஸ்மார்க் ஆட்சிக் காலத்தில் 1883-இல் நோய்க் காப்பீடும், 1884-இல் விபத்துக் காப்பீடும், 1889-இல் முதுமைக் காப்பீடும் சட்டமாயின. இம்முறையில் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து ஒரு பகுதியும் முதலாளியிடமிருந்து ஒரு பகுதியும் நிதியில் சேர்ந்தன. ஆலை ஒன்று, முதலாளி ஒருவர், மாதச் சம்பளப் பட்டியல் ஒன்று என்ற ஏற்பாடு இருந்தால்தான் இது இயங்கும்.

விடுதலை பெற்ற இந்தியாவும் இதே வழியைப் பின்பற்றியது. 1948-இல் ஊழியர் அரசு காப்பீட்டுச் சட்டமும், 1952-இல் ஊழியர் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் இயற்றப்பட்டன. இவை குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தின. ஆனால் நாட்டின் உழைப்பாளரில் மிகப் பெரும்பான்மையோர் அத்தகைய நிறுவனங்களில் இல்லை. காலையில் ஒருவரிடமும் மாலையில் வேறொருவரிடமும் கூலி பெறும் ஒரு சுமைத் தொழிலாளிக்கு முதலாளி யார் என்ற கேள்விக்கு இச்சட்டங்களில் விடை இல்லை. அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான தேசிய ஆணையம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் உழைப்பாளரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் முறைசாரா வேலைகளில் இருப்பதாகக் கணக்கிட்டது.

துறைமுகமும் சந்தையும்

முதல் விடை துறைமுகங்களில் கிடைத்தது. கப்பல் வரும் நாளில் பல நூறு பேருக்கு வேலை இருக்கும். வராத நாளில் எவருக்கும் வேலை இருக்காது. 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் வாரியங்கள் அமைந்தன. தொழிலாளர்கள் வாரியத்தில் பதிவு செய்துகொண்டனர். ஆள் தேவைப்பட்ட நிறுவனங்கள் வாரியத்திடமிருந்தே ஆட்களைப் பெற்றன. வேலைக்கு வந்து, வேலை கிடைக்காமல் திரும்பிய நாளுக்கும் ஒரு தொகை வழங்கும் ஏற்பாடு இதில் இருந்தது.

இந்த முறையைச் சந்தைகளுக்குக் கொண்டு சென்றது மகாராட்டிரம். மும்பையின் மொத்த வணிகச் சந்தைகளில் தலையில் மூட்டை சுமப்போர் மராத்தியில் ‘மாத்தாடி’ எனப்படுவர். அண்ணாசாகேப் பாட்டீல் போன்ற தலைவர்களின்கீழ் இவர்கள் நடத்திய போராட்டங்களின் பயனாக 1969-இல் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. அரசு, வணிகர், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பினரும் இடம்பெறும் வாரியங்கள் அமைந்தன. வணிகர் கூலியைத் தொழிலாளியிடம் நேரடியாகக் கொடுப்பதில்லை. கூலியையும் அதன்மேல் குறிப்பிட்ட விழுக்காட்டில் வரியையும் வாரியத்தில் செலுத்துவார். வாரியம் கூலியைத் தொழிலாளிக்கு வழங்கும். வரியிலிருந்து வைப்பு நிதி, பணிக்கொடை, விடுமுறை ஊதியம், மருத்துவச் செலவு ஆகியவற்றைத் தரும்.

இந்த ஏற்பாட்டின் வலிமை அதன் கணக்கேட்டில் இருந்தது. யார், எந்த நாளில், எவ்வளவு சுமந்தார் என்ற பதிவும், அதற்கான பணமும் ஒரே ஏட்டில் வந்து சேர்ந்தன. அதனால் தான் தொழிலாளி என்பதை அவர் தனியாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடும் கட்டுமானத் தொழிலும்

தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும், 1999-இல் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியமும் அமைந்தன. பின்னர் ஆட்டோ ஓட்டுநர், தையற்கலைஞர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர், வீட்டுப் பணியாளர் எனப் பல பிரிவினருக்குத் தனித்தனி வாரியங்கள் தோன்றின.

கட்டுமானத் தொழிலில் மாத்தாடி முறையை அப்படியே பின்பற்ற முடியவில்லை. சந்தை ஓரிடத்தில் நிலையாக இருக்கும். கட்டடம் முடிந்ததும் வேலையிடமே மறைந்துவிடும். கொத்தனாரும் சித்தாளும் மேஸ்திரி அழைக்கும் இடத்துக்கெல்லாம் செல்வர். எனவே தமிழ்நாட்டு வாரியம் முதலாளியைத் தேடாமல் கட்டடத்தையே பற்றிக்கொண்டது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி பெறும்போது மதிப்பீட்டுச் செலவில் ஒரு பங்கு நல நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும் என்பது விதியாயிற்று.

இதற்கிடையே நாடு முழுவதற்கும் சட்டம் வேண்டும் என்ற இயக்கம் 1980-களில் வளர்ந்தது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதன் பரப்புரைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1996-இல் நாடாளுமன்றம் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தையும், அதற்கான தீர்வைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. கட்டுமானச் செலவில் 1 முதல் 2 விழுக்காடு வரை தீர்வை விதிக்கலாம் என்றாகி, 1 விழுக்காடு வசூலிக்கப்பட்டது. 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, முந்தைய 12 மாதங்களில் 90 நாட்களாவது கட்டுமான வேலை செய்த எவரும் பதிவு பெறலாம்.

சேர்ந்த பணமும் சேராத பெயர்களும்

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இச்சட்டம் தெளிவான விடை தந்தது. யாருக்குப் போகும் என்ற கேள்வியில்தான் சிக்கல் எழுந்தது. தீர்வை கட்டடத்திலிருந்து வந்தது. பெயரோ தொழிலாளியின் விண்ணப்பத்திலிருந்து வரவேண்டும். மாத்தாடி வாரியத்தில் ஒரே ஏட்டில் இருந்த இரண்டும் இங்கே பிரிந்தன. 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று தருபவர் யார்? பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, மூன்று ஊர்களில் மூன்று ஒப்பந்ததாரரிடம் வேலை செய்த ஒருவருக்கு அச்சான்று எளிதில் கிடைப்பதில்லை. பதிவு பெற்றாலும் அதை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும்; புதுப்பிக்கத் தவறினால் உதவி நின்றுவிடும்.

இதன் விளைவு 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் வெளிப்பட்டது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் தீர்வை வசூலாகியிருந்தது. தொழிலாளர் நலனுக்குச் செலவானது ஏறத்தாழ 9,500 கோடி ரூபாய் மட்டுமே. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது இந்நிதியிலிருந்து தொழிலாளர்களின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் செலுத்துமாறு மாநிலங்களை ஒன்றிய அரசு கேட்டுக்கொண்டது. பதிவு பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள், அதே கட்டடங்களில் வேலை செய்திருந்தும், இந்த உதவிக்கு வெளியே நின்றனர்.

பணம் வரும் வழியும் எப்போதும் உறுதியானது அல்ல. 1976-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி பீடி உற்பத்தியின்மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து பீடித் தொழிலாளருக்கு மருத்துவமனை, வீடு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி ஆகியவை கிடைத்து வந்தன. நெல்லை, வேலூர்ப் பகுதிகளில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களும் இதில் பயன்பெற்றனர். 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது. உதவித் திட்டங்கள் அரசின் வரவு செலவுத் திட்ட ஒதுக்கீட்டை நம்பியிருக்கும் நிலை உண்டாயிற்று.

அண்மைக் கால மாற்றங்கள்

2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்ட முறைசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்துள்ளனர். பெயர்ப் பட்டியல் இல்லாத குறை இதனால் ஓரளவு தீர்ந்தது. ஆனால் கட்டுமான நல நிதியைப் போலத் தனக்கென ஒரு தீர்வை வருவாய் இத்தளத்துக்கு இல்லை. கட்டுமான வாரியத்தில் பணம் இருந்து பெயர் இல்லை; இங்கே பெயர் இருந்து பணம் இல்லை.

செயலி வழியாக உணவும் பொருளும் கொண்டு சேர்க்கும் தொழிலாளரிடம் பழைய கேள்வி மீண்டும் எழுந்துள்ளது. இவர்களைத் தம் ஊழியர்கள் என நிறுவனங்கள் ஏற்பதில்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இந்நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. 2023-இல் இராசத்தான், ஒவ்வொரு பரிமாற்றத்தின் மீதும் நலக் கட்டணம் விதிக்கும் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் இத்தொழிலாளருக்குத் தனி வாரியம் அமைக்கப்பட்டது.

மாத்தாடிச் சந்தையின் கணக்கேட்டுக்கு மிக நெருங்கியது இராசத்தானின் முறை எனலாம். செயலியில் ஒவ்வொரு வேலையும், அதைச் செய்தவரின் பெயரும், அதற்கான தொகையும் ஏற்கெனவே ஒன்றாகப் பதிவாகின்றன. அப்பதிவை நல வாரியத்தின் ஏடாகவும் ஆக்கிக்கொண்டால், தாம் உழைத்தோம் என்பதற்குச் சான்று தேடி அலையும் நிலை இத்தொழிலாளருக்கு ஏற்படாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அத்தகைய ஏடு இன்னும் அமையவில்லை.