மாங்குளத்தில் ரயில் ஏறிப் பாட்டுக் கேட்கப் போன கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கட தாத்தா, அப்பப்பா ஆக்கள் இளந்தாரியா இருக்கேக்க யாழ்ப்பாணத்துக்கு ஏன் போனவை?" ஆஸ்பத்திரி, கச்சேரி அலுவல், இடம்பெயர்வு என்று பதில் வந்தது. "சும்மா போனவை" என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

என்னுடைய வாப்பா சும்மா போனவர். தண்ணீரூற்றில் இருந்து அவரும், முள்ளியவளையில் இருந்து அவருடைய கூட்டாளி ஒருவரும். எழுபதுகளில் இரண்டு பேரும் ஒட்டுசுட்டான் பாதையால் பஸ்ஸில் மாங்குளம் போய், அங்கே ரயில் ஏறுவார்கள். எந்தக் கோயிலில் திருவிழா, யார் நாதஸ்வரம், யார் தவில் என்று கூட்டாளிக்குத் தெரியும். எந்தக் கடையில் சாப்பாடு நல்லது என்று வாப்பாவுக்குத் தெரியும். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தை வீதியில் நின்று விடிய விடியக் கேட்டதாகச் சொல்லுவார். தட்சிணாமூர்த்தியின் தவிலை, அவர் 1975இல் மறையும் முன்னர், இரண்டு தரம் கேட்டதை ஒரு சொத்துப் போலச் சொல்லுவார். (இசை பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.)

அந்தக் காலத்தில் பொப்பிசையும் களைகட்டியது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் பாடல்கள் மேடைக்கு மேடை ஒலித்தன. அவற்றில் ஓடுவது பைலாத் தாளம். போர்த்துக்கேயர் காலத் தொடர்பில் பிறந்த தாளம் அது. ஆபிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளம் சிரம்பியடியில் இன்றும் பாடி ஆடும் மஞ்ஜா அதற்கு உறவு. பின்னாளில் அதே புத்தளத்தில் அகதியாக இருப்போம் என்று, யாழ்ப்பாணத்தில் நின்று கைதட்டிய வாப்பாவுக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பயணங்களைச் சாத்தியமாக்கியது ரயில்பாதை. கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு 1905இல் ரயில் ஓடத் தொடங்கியது. யாழ்தேவி 1956 ஏப்ரலில் வந்தது. வன்னிக் காட்டுக்குள் இருந்த எங்களுக்கு நகரம் ஒரு ரிக்கற் தூரத்தில் வந்தது. பிறகு 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகில் யாழ்தேவி தாக்கப்பட்டது. 1990 யூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை முற்றாக நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின.

அதே வருடம் ஒக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. யாழ்ப்பாணச் சோனகத் தெரு மக்களுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி சனமும் கிளம்பியது. நான் அப்போது உம்மாவின் மடியில் கைக்குழந்தை.

வன்னியில் இருந்த தமிழ்ச் சனத்துக்கும் பாதை திறந்திருக்கவில்லை. வெளியே போகப் புலிகளிடம் பாஸ். வவுனியாவில் தங்க இராணுவத்திடம் பாஸ். 2002இல் ஏ-9 திறந்தபோதும் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி நடந்து, பையைத் திறந்து காட்ட வேண்டும். 2006 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விதான்: "ஏன் போறீர்?" வருத்தம், மரணம், சோதனை, வேலை என்று சொல்லலாம். "பாட்டுக் கேக்கப் போறன்" என்று சொல்லிப் பாஸ் எடுத்த ஒருவரையும் நான் அறியேன். ரயில் நின்றது மட்டும் இல்லை, சும்மா போகிற உரிமையும் நின்றது.

2011இல் ஓமந்தை வரை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை, 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம் வரை ரயில் திரும்ப வந்தது. அடுத்த வருடம் ஆடியில் நான் மாங்குளத்தில் ரயில் ஏறினேன். கூட வந்தவன் கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த நண்பன், முள்ளியவளைக்காரன். கோவலன் கூத்துக்கு மத்தளம் கேட்டு வளர்ந்தவன். ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது "மச்சான், ஏன் போறியள் எண்டு ஒருத்தனும் கேக்கேல்ல பாத்தியா" என்றான்.

அன்றிரவு ஒரு கோயில் வெளிவீதியில் நின்று நடுச்சாமம் வரை நாதஸ்வரம் கேட்டோம். அவனுடைய பெரியம்மா வீட்டில் படுத்தோம். சுபஹுக்கு நான் சோனகத் தெருவுக்குப் போக, அவனும் எழும்பி வந்தான். நான் தொழுது முடியும் வரை வெளியில் காத்திருந்தான்.

பிறகு இரண்டு பேரும் அந்தத் தெருக்களில் நடந்தோம். கோட்டை, நூலகம், நல்லூர் என்று வருகிற சுற்றுலாக்காரர் இந்தப் பக்கம் வருவதில்லை. கூரை இல்லாத வீடுகள். நிலையும் கதவும் இல்லாத சுவர்கள். அறைக்குள் மரம் வளர்ந்திருந்தது. இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் பிறந்த வண்ணார்பண்ணை இதுதான். யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபரானவர் அவர். வாப்பா புட்டும் ஆட்டுக்கறியும் சாப்பிட்ட கடையைத் தேடினேன். கிடைக்கவில்லை.

நண்பன் கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "எங்கட ஆக்கள் இதைப் பாக்கேல்ல எண்டு சொல்லேலாது. பாத்தும் கதைக்கேல்ல."

நானும் ஒன்று சொன்னேன். 2009இல் அவன் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் இருந்தபோது, நாங்கள் புத்தளத்தில் ரீவியில் பார்த்துக்கொண்டு இருந்தோம். நாங்களும் கதைக்கவில்லை. அதுவரை நான்கு வருடம் பழகியும் இதை நாங்கள் பேசியதில்லை. வகுப்பறையிலும் கூட்டத்திலும் வராத கதை, ஒரு வேலையும் இல்லாமல் தெருவில் நடக்கும்போது வந்தது.

இப்போதும் வருடத்தில் ஒரு தரமாவது போகிறோம். வாப்பா மௌத்தாகி விட்டார். அவருடைய கூட்டாளி இருக்கிறார். போன பெருநாளுக்குப் போய்ப் பார்த்தேன். "உன்ர வாப்பாட்ட ரெண்டு ரூபா கடன் இருக்கடா, ரயில் ரிக்கற்றுக்கு" என்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

உங்கள் வீட்டில் எழுபது வயது தாண்டியவர்கள் இருந்தால், இந்த வாரமே கேளுங்கள்: எங்கே போனீர்கள், யாரோடு போனீர்கள், என்ன கேட்டீர்கள். எழுதி வையுங்கள். 1990உம் 2009உம் எங்கள் சரித்திரம்தான். அதற்கு முன்னர் இரண்டு கூட்டாளிகள் ஒரே ரயிலில் பாட்டுக் கேட்கப் போனதும் எங்கள் சரித்திரம்தான். எங்கள் பாடப்புத்தகத்தில் அது இல்லை. கேட்டு எழுதினால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.